தலையணை உறையில் என் எழுத்து

என் பெயரின் முதல் எழுத்தை நானேதான் பிரித்தேன். வெள்ளை பாப்ளின் துணியில் ஒரு ஜோடி தலையணை உறை. நடுவில் இரண்டு கிளிகள், வலது மூலையில் சிவப்பு நூலில் என் எழுத்து. என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் நான் போட்டவை. பிளேடைப் பாதியாக உடைத்து, துணியைத் திருப்பிப் பின்பக்கத்து நூலை அறுத்து, முன்பக்கமாக ஒவ்வொரு இழையாக இழுத்தேன். அரைமணி நேர வேலை. அழுதிருக்க வேண்டிய வேலை என்று இப்போது தோன்றுகிறது. அன்று ஒன்றுமே தோன்றவில்லை.

அது எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை, நாங்கள் இருந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். என்னைப் பக்கத்துக் கிராமமான காணையில் கட்டிக் கொடுத்தார்கள். எட்டாவது மாதம் கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கொண்டுபோன தகரப் பெட்டியோடு திரும்பி வந்தேன். நான் தைத்தவை பாதிக்கு மேல் அதில் மடிப்புக் கலையாமலேயே இருந்தன. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

திரும்பி வந்த பிறகு நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் பின்னுவதும் தைப்பதும்தான். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் தொற்றிக்கொண்ட பழக்கம். குரோஷாவில் டி.வி. உறை ஒன்றுகூடப் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் டி.வி. கிடையாது. ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா வேலியோரம் நின்று, "இந்த வெயில்ல யாருக்கும்மா ஸ்வெட்டரு? சூரியனுக்கா?" என்று கேட்பார். சிரிப்பேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. முதுகுப் பக்கம் நூற்றுப்பத்து கண்ணி, கைக்கு ஐம்பது. எண்ணிக்கொண்டிருக்கும் வரை தலைக்குள் வேறு எதற்கும் இடம் இருக்காது. முடிந்ததும் பிரித்து நூலை உருட்டி வைத்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடிய பிறகு என் தங்கைக்குத் திண்டிவனத்திலிருந்து வரன் வந்தது. சொந்த நிலம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். தங்கைக்குப் பிடித்துவிட்டது. பையனை ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் வைத்து எட்டிப் பார்த்தாளாம். அன்று முழுவதும் வீட்டில் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் பெண் பார்க்க வருகிற நாளில் பெண் போட்ட கைவேலையை எல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். நாற்காலி முதுகில் ஒன்று, ரேடியோ மேல் ஒன்று, வந்தவர்கள் சாய்ந்துகொள்ளத் தலையணை ஒன்று. என் தங்கைக்கோ ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. கணக்கில் புலி, சைக்கிளில் ரயில்வே கேட் வரை கையை விட்டு ஓட்டுவாள். அதையெல்லாம் கூடத்தில் பரப்ப முடியாது.

அம்மா என் பெட்டியைத் திறந்து தலையணை உறைகளை வெளியே எடுத்தாள்.

"இதெல்லாம் சின்னவ போட்டதுன்னு சொல்லிடலாம்டி," என்றாள்.

"மூலையில என் எழுத்து இருக்கே."

"அதான் சொல்ல வர்றேன். உன் கைபட்டதுன்னு தெரிஞ்சா சகுனம் அது இதுன்னு பேஜாரு பண்ணுவாங்க. அவ வாழ்க்கை போயிடும்."

புருஷன் செத்தவள் கைபட்டது கல்யாணப் பெண்ணின் சீரில் இருக்கக் கூடாது. அம்மா அதை முழுதாகச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. நான் பிளேடைத் தேடி எடுத்தேன். எழுத்தைப் பிரித்த பின் ஒரு விரல்கடை தள்ளி, அதே சிவப்பு நூலில் தங்கையின் எழுத்தைப் போட்டேன். நெருக்கமாக நெய்த துணி என்பதால் பழைய எழுத்தின் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் படித்துவிடலாம். அப்படியே மடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்குச் சாளேசரம், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று நான் பின்கட்டில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தேன். நான் எதிரே வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்துகொண்டேன். இதிலெல்லாம் நான் ரொம்ப சமர்த்து. கூடத்தில் பையனின் அம்மா கேட்பது காதில் விழுந்தது.

"எல்லாம் பொண்ணு போட்டதுங்களா?"

"ஆமாங்க சம்பந்தியம்மா," என்றாள் அம்மா. இன்னும் முடிவே ஆகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா.

அந்த அம்மா தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகவும், தனக்கு உயிரே போய்விட்டதாகவும் தங்கை அப்புறம் சொன்னாள். சம்மதம் என்று ஒரு வாரத்தில் கடிதாசி வந்தது. கல்யாணத்தன்று வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டேன். தங்கை மண்டபத்தில் என்னைக் கேட்டு அழுதாளாம். எனக்கு அழுகை வரவில்லை. ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் அன்று முடிந்தது.

தொல்லை அப்புறம்தான் ஆரம்பித்தது. மாமனாருக்கு மார்கழிக் குளிர் ஆகாது, ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடு என்று மாமியார் தங்கையைக் கேட்டுவிட்டார். 'அக்கா, வசமா மாட்டிக்கினேன்' என்று இன்லேண்ட் லெட்டரில் எழுதினாள். நான் பின்னிக் கொடுத்தேன். அப்பா அதைத் துணிப்பையில் போட்டு, மேலே நாலு கத்தரிக்காயை வைத்து மறைத்து, பாசஞ்சரில் திண்டிவனம் கொண்டுபோய் அவளிடம் சேர்த்தார். அதற்கு முன்னால் அவள் பின்னுவதுபோல் காட்ட வேண்டுமே, அதற்காக ஊசியோடு பன்னிரண்டு வரிசை பின்னி அனுப்பியிருந்தேன். அந்தப் பன்னிரண்டு வரிசையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஒப்பேற்றினாள். மாமியார் வருகிற சத்தம் கேட்டால் ஊசியை அசைப்பாளாம். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. அடுத்த வருஷம் நாத்தனார் பிள்ளைக்குக் குல்லாய். அதுவும் கத்தரிக்காய்க்கு அடியில் போயிற்று.

மூன்றாம் வருஷம் மார்கழியில் தங்கைக்கு எங்கள் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. நான் மஞ்சள் கம்பளியில் சட்டை பின்னி அலமாரியில் வைத்திருந்தேன். அம்மா அதை எடுத்துப் போடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பதினாறாம் நாள் குழந்தையைப் பார்க்க மாமியார் வந்தார். ஒரு மூட்டை மல்லாட்டையை, அவர்கள் நிலத்து வேர்க்கடலையை, கூடத்தில் இறக்கி வைத்தார், குழந்தையைக் கொஞ்சினார், அலமாரியில் இருந்த மஞ்சள் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு யாரையும் கேட்காமல் நேராகப் பின்கட்டுக்கு வந்தார். நான் கல்லிலிருந்து எழுந்தேன்.

"குந்தும்மா," என்றவர் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தத் தலையணை உறையை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

"நானும் சின்ன வயசுலேர்ந்து தைக்கிறவதான். துணிய திருப்பிப் பாக்காம எடுத்ததே கெடையாது. பாத்த அன்னைக்கே தெரியும். இது உன் எழுத்துதானே?"

தங்கையின் வாழ்க்கை போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பயப்படாத. உன் தங்கச்சி நல்ல பொண்ணு. எனக்குப் புடிச்சிருந்தது, எடுத்துக்கினேன். அவ ஊசியை ஆட்டிக்கினு குந்தியிருக்கறதப் பாத்து உள்ள போய் எத்தினி நாள் சிரிச்சிருக்கேன் தெரியுமா?" அவர் துளைகளின் மேல் விரலை ஓட்டினார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. தண்ணி தொட்டு நகத்தால நாலு தேய் தேச்சு இஸ்திரி போட்டிருந்தா இந்த ஓட்டையெல்லாம் மூடிக்கும். இவ்ளோ வேலை தெரிஞ்ச உனக்கு அது தெரியாமயா இருக்கும்?"

"தெரியுங்க அத்தை," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. மறந்துவிட்டேன் என்றே மூன்று வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. பிரித்த அன்று கூஜாத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. யாராவது ஒருத்தர் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

பின்கட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"வேணும்னேவா உட்ட?" என்றாள்.

"ஆமாம்மா."

"கல்யாணம் நின்னு போயிருந்தா? சின்னவ கதி?"

தங்கை பஸ் ஸ்டாண்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து வீடெல்லாம் சுற்றியது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் விட்டேன். எனக்கு அழுகை வந்தது. காணையில் வராதது, கல்யாணத்தன்று வராதது, எல்லாம் சேர்ந்து மூக்கு ஒழுக வந்தது. மாமியார் தடுக்கவில்லை. நான் ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து சிவப்பு நூல்கண்டையும் ஊசியையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"இதுக்காவத்தான் நான் இத இன்னும் தண்ணியில போடல. அவ எழுத்து அங்கயே இருக்கட்டும். உன்னுத உன் எடத்துல போடு. அதுக்கப்புறம் புள்ளைக்கு அந்த மஞ்ச சட்டைய நீயே எடுத்துப் போட்டு உடு."

துளைகள் இருந்ததால் எங்கே குத்த வேண்டும் என்று பார்க்க வேண்டியதே இல்லை. நூலைக் கோர்ப்பதுதான் முடியவில்லை. கண்ணில் தண்ணீர், ஊசியின் காது தெரியவில்லை. மூன்று தடவை தவறியது. அம்மா வாசற்படியிலிருந்து இறங்கி வந்து ஊசியை என் கையிலிருந்து வாங்கினாள். நூலின் முனையை எச்சிலில் நனைத்து, சாளேசரக் கண்ணை இடுக்கி, கையை எட்டத் தள்ளிப் பிடித்து, நெடுநேரம் முயன்று, கோர்த்து என்னிடம் நீட்டினாள்.