பதினொன்று அல்ல, பத்தொன்பது

ஆறாயிரத்து எண்ணூறு. மேஸ்திரி எனக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். எட்டு நாள் கூலி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கதை கட்டுகிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. நாற்பத்தாறு வயதில்தான் 'அ' போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத மட்டும்தான் தெரியும். அந்த ராத்திரி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். அதனால் நான் சொல்லும் நேரமெல்லாம் சரியான நேரம்.

மேஸ்திரியிடம் முப்பது வருஷம் கலவை சுமந்தேன். அவர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டை ஒட்டிய செட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கூலிக் கணக்குப் போடுவார். ஒற்றை விரலால்தான் அடிப்பார். சாவிப்பலகை முழுக்க சிமென்ட் தூசி. ஒவ்வொரு எண்ணை அடித்ததும் அதை வாயால் ஊதுவார். டக்... ஃபூ. டக்... ஃபூ. அந்தச் சத்தத்துக்காக வாசலில் நாங்கள் வரிசையாகக் காத்திருப்போம்.

பிரின்டரிலிருந்து காகிதம் வெளியே வரும். கைநாட்டு வைக்க வேண்டும். அவருடைய வலது கட்டைவிரல் எப்போதோ கலவை மெஷினில் மாட்டி, நுனிப் பாதி போய்விட்டது. அதைக் காட்டியே கிண்டல் செய்வார்.

"எனக்கு அரை விரல்தான்டா. உனக்குத்தான் முழுசா இருக்கே. நல்லா அமுக்கு."

எனக்கு அவர் வைத்த பட்டப்பெயரே 'கைநாட்டு'.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடி வீட்டு வேலை. பத்தொன்பது நாள் சுமந்தேன். நாளுக்கு எண்ணூற்றைம்பது. அவர் பதினொரு நாள் என்று அடித்தார். காகிதத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வைத்தேன் விரலை. பணத்தை எண்ணும்போதுதான் விளங்கியது. கேட்டதற்கு, "நீதான ஒத்துக்கிட்டு அமுக்குன?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வாரமே சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வருஷம் ஆனது. பிறகு அதே காகிதத்தைக் கேட்டு வாங்கி, அவர் முகத்துக்கு நேராக எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பதி...னொன்று." அப்போதும் சிரித்தார். பணம் வரவில்லை. போன மாதம் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

என் மகளுக்கு ஒரு வேலைத் தேர்வு வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். வாய்ப்பு ஒரு தடவைதான். கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது மேஸ்திரியின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அவர் மனைவியிடம், "பாக்கியில கழிச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டேன்.

"கணக்குல இல்லாத கடனுக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்றார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. ஐயாயிரத்தை எண்ணி வைத்துவிட்டுத் தூக்கி வந்தேன்.

வீட்டில் என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "செத்தவன் சாமான் வீட்டுக்கு எதுக்கு?"

"உசுரோட இருந்தப்பவே அந்தாளுக்குப் பயப்படல. இப்ப என்ன?"

"வந்தான்னா வட்டியும் சேத்துக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

அதற்குள் ஒரு சிக்கல். பழைய சிஸ்டத்தில் தேர்வு ஓடாதாம், புதியது போட வேண்டுமாம். பெட்டியை மட்டும் ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். தேர்வுக்கு முந்தின நாள் கடை மூடும் நேரத்தில்தான் திருப்பித் தந்தார்.

"பென் டிரைவ் குத்தியிருக்கேன்ணே. ஆன் பண்ணுங்க, அதுவே புது சிஸ்டத்தப் போட்டுக்கும். தமிழ்ல வச்சிருக்கேன். 'அடுத்து'ன்னு கேட்டா அமுக்குங்க. சதவீதம் ஏறிக்கிட்டே போகும். நூறு ஆனா முடிஞ்சுது. நடுவுல மட்டும் அணைச்சிடாதீங்க."

தேர்வு காலை ஒன்பது மணிக்கு. மகளைத் தூங்கச் சொன்னேன்.

"அப்பா, நான் பாத்துக்கறேன்பா. உங்களுக்குப் படிக்கவே நேரமாகும்."

"அதான் ராத்திரி பூரா இருக்கே. போய்ப் படு."

மணி 10.20. ஆன் செய்தேன். நி... று... வ... ப்... படு... கிறது. படித்து முடிப்பதற்குள் நாலு சதவீதம் ஏறியிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது.

11.05. முப்பத்துநாலு.

11.50. அறுபத்தொன்று.

12.30. அறுபத்தொன்று.

12.55. அப்போதும் அறுபத்தொன்று. பெரிய வேலை போலிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரச் சிமென்ட். என் சட்டையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவில் எந்த வேலையும் நடக்கவில்லை. விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாய் நின்று என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் "ச்சூ" என்றேன். அது நகரவில்லை.

1.12.

டக்.

பெட்டிக்குள் ஓடும் காற்றாடியில் ஏதோ தட்டுகிறது என்று நினைத்தேன். குனிந்து காதை வைத்தேன். பெட்டிக்குள் சத்தம் இல்லை.

டக்... ஃபூ.

சாவிப்பலகையிலிருந்து சாம்பல் நிறத்தில் தூசி எழும்பியது. என் புறங்கை மேல் படிந்தது. அன்று காலையில்தான் மகள் பிரஷ் வைத்து அந்தப் பலகையைச் சுத்தம் செய்திருந்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று இருந்தது. முப்பது வருஷம் தலையில் சுமந்த பொருள். எனக்குத் தெரியாதா?

1.32. திரை இருண்டது. பிறகு கோடுகள் வந்தன. கட்டம் கட்டமாக.

பெயர்: கைநாட்டு.

நாள்: 11.

கூலி: 9350.

பழைய கணக்கு உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவிப்பலகையின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

டக்... ஃபூ.

ஒயர் என் கையில்தான் இருந்தது.

பயந்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷக் கோபம். அது மேலே வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு எதிரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"பத்தொம்பது" என்றேன்.

சத்தம் இல்லை.

"எனக்கு இப்பப் படிக்கத் தெரியும் மேஸ்திரி. பத்தொம்பது."

டக். பதினொன்று அழிந்தது. டக்... டக்... ஃபூ.

13.

"பேரமா? செத்தும் பேரமா?"

டக்... ஃபூ. 15.

"பத்தொம்பது."

1.58. விளக்கு அணைந்தது. திரை வெளிச்சம் மட்டும்.

தோளில் ஏதோ விழுந்தது. சில்லென்று. கனமாக. ஒரு முழுச் சிமென்ட் மூட்டை கனம். கழுத்து எலும்பு முறுகியது. தாடை மேசையைத் தொட்டது. காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்... ஃபூ... தூசி கண்ணில் விழுந்தது.

"யோவ். முப்பது வருசம் இதத்தான தூக்குனேன். இதுக்கா குனிவேன்?"

எழுந்தேன். மூட்டையோடு எழுந்தேன். முழங்கால் கடகடவென்று ஆடியது. ஆனால் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பயந்து அல்ல. பார்க்க அங்கே என்ன இருக்கிறது? என் கண் திரையில் இருந்தது.

திரை மூலையில் சதவீதம் தெரிந்தது.

61.

60.

59.

இறங்கியது.

58... 57...

அதுவரை என் உடம்போடுதான் விளையாடினார். இப்போது என் மகளின் தேர்வில் கை வைத்தார். உள்ளே அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. ஒன்பது மணி. ஒரே வாய்ப்பு.

2.40. திரையில் ஒரு வரி.

கைநாட்டு வைக்கவும்.

கீழே ஒரு சின்னக் கட்டம். என் கட்டைவிரல் அளவுக்கே இருந்தது.

31... 30...

என் விரல் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஆறாயிரத்து எண்ணூறு போகட்டும், பிள்ளை தேர்வு எழுதினால் போதும் என்று விரல் தானாகவே போனது. திரைக்கு ஒரு நூல் இடைவெளி. கண்ணாடியிலிருந்து குளிர் ஏறி நகக்கண்ணில் குத்தியது.

அப்போது அந்த வரிசை ஞாபகம் வந்தது. சிரித்தவர்கள் ஞாபகம் வந்தார்கள். பெஞ்சில் இடித்த முழங்கால் ஞாபகம் வந்தது. இந்தத் தேர்வை இப்படி வாங்கிக் கொடுத்தால் மகள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

விரலை மடக்கினேன்.

"மாட்டேன்."

12... 11...

பதினொன்றில் நின்றது. அதே எண். வேண்டுமென்றே.

கையில் இருந்த ஒயரை மறுபடியும் குத்தினேன். தோளில் மூட்டை. கண்ணில் தூசி. ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். 'கைநாட்டு' என்பதை அழித்தேன். என் பெயரை அடித்தேன். ஆறு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் அது இன்னும் அழுத்தியது. மூன்றாவது எழுத்தில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. நிறுத்தவில்லை.

அவர் போட்ட நாள் எண் இருந்த கட்டத்துக்குப் போனேன்.

ஒன்று.

ஒன்பது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

சத்தம் இல்லை.

மூச்சு இல்லை.

பிறகு தானாகவே...

டக். டக். டக். டக். டக்.

16150.

இந்தத் தடவை ஊதவில்லை.

தோளில் இருந்தது நழுவியது. தரையில் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. தரையில் ஒன்றும் இல்லை.

கடிகாரம் 3.42 காட்டியது.

திரையில் அறுபத்திரண்டு. அறுபத்துமூன்று. எதுவும் நடக்காதது போல ஏறியது. 5.25க்கு நூறு. 'வரவேற்கிறோம்' என்று வந்தது. அதை ஒரே மூச்சில் படித்தேன்.

காலை 7.40க்கு ரிப்பேர்காரர் வந்தார். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உள்ள இருந்த பழைய டிஸ்க் செத்துப்போச்சு. கழட்டிட்டு வேற புதுசு போட்டிருக்கேன். அதுக்கும் கொஞ்சம் சேத்துக் குடுங்க."

"எப்ப மாத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம், உங்ககிட்டத் தர்றதுக்கு முன்னாடி."

"அப்ப மேஸ்திரியோட கணக்கெல்லாம்?"

"பழசு எதுவுமே இதுல கிடையாதுண்ணே. டிஸ்க் என் மேஜை டிராயர்ல கெடக்கு. ராத்திரி நீங்க ஏத்துனது சுத்தமான வெறும் டிஸ்க்ல. ஏன், ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மகள் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு எழுந்தாள். "நல்லா பண்ணிருக்கேம்பா" என்றவள், என் தோளைப் பார்த்துவிட்டு நின்றாள். "என்னப்பா இது, இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"மூட்டை தூக்குனதும்மா."

11.20. வாசலில் மேஸ்திரியின் மனைவி. முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு கவர், ஒரு காகிதம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ராத்திரி செட்டுல பிரின்டர் ஓடுற சத்தம் கேட்டுதுண்ணே. மூணே முக்கால் இருக்கும். அந்த செட்டுக்குக் கரண்ட் வெட்டி ரெண்டு வாரமாச்சு. விடிஞ்சதும் போய்ப் பாத்தேன். இது கெடந்துச்சு."

காகிதத்தை வாங்கிப் படித்தேன். என் பெயர். பத்தொன்பது நாள். 16150. கொடுத்தது 9350. பாக்கி 6800.

"கணக்குல வந்துருச்சு. இனி நான் வச்சுக்கிட்டா நல்லதில்ல" என்று கவரை நீட்டினார்.

எண்ணினேன். இரண்டாம் தடவையும் எண்ணினேன். ஆறாயிரத்து எண்ணூறு. என் மனைவி என் காதருகில், "வட்டி?" என்றாள். நான் சிரிக்கவில்லை. காகிதத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். மேஸ்திரிக்கு நன்றாக எழுதத் தெரியும். நீட்டி வளைத்து, வால் விட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆனால் அங்கே கையெழுத்து இல்லை.

கைநாட்டு இருந்தது.

பாதி விரல்.

அந்த அம்மாள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரியைப் புதைத்து முப்பத்துநாலு நாள் ஆகியிருந்தது.

பேனாவை எடுத்தேன். 'வாங்கிக்கொண்டேன், பாக்கி இல்லை' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். நிதானமாக, ஆறு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி. காகிதத்தை மடித்தபோது என் விரல் அந்தப் பாதி ரேகைமேல் பட்டது.

மை காயவில்லை.