நரங்குவாவும் கறுத்துப்போன ஆறு தொட்டிகளும்

சீனாவின் மங்கோலியப் பகுதியான ஓர்தோஸ் புல்வெளியில் மேய்ச்சலைத் தடைசெய்த வருடம் நரங்குவா ஆடுகளை விற்றுவிட்டு, சோடா உப்பு நிறைந்த ஏரியின் கரையில் இருந்த சுருள்பாசிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாசி என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது வெளிச்சத்தைத் தின்று வளரும் பாக்டீரியா. பதினேழு வருடத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அதன் பசியைச் சொல்லிவிடுமளவுக்கு அவளுக்கு அது பழகிப்போயிற்று.

அந்தச் சித்திரையில் நான்கு நாள் மணற்புயல் அடித்தது. பண்ணையின் ஆறு தொட்டிகளின் மேலிருந்த பிளாஸ்டிக் கூரையில் மஞ்சள் தூசி விரல் கனத்துக்குப் படிந்து, உள்ளே மாலை மாதிரி மங்கிக் கிடந்தது. அறுவடை பாதியாகக் குறைந்தது. தண்ணீர் மட்டும் கருநீலமாகிக்கொண்டே போனது.

ஐந்தாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. புதிதாக வந்திருந்த மேலாளர் லியாவ் குழாயோடு வந்து நின்றார்.

"எல்லாக் கூரையையும் கழுவிருங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள விளைச்சல் ஏறிரும்."

"ஏறாது தம்பி. செத்துரும்."

"வெயில் பட்டா பயிர் சாகுமா? நல்லாருக்கே."

"மங்கல்ல கிடந்ததால, கையில இருந்த சத்தையெல்லாம் வெளிச்சம் பிடிக்கிற நிறமி பண்றதுக்கே செலவழிச்சிருக்கு. அதான் இப்பிடிக் கறுத்திருக்கு. வளர்றதுக்கு மிச்சமே இல்ல. இப்ப ஒரேயடியா வெயிலக் காட்டினா, தாங்க முடியாத அளவுக்கு இழுத்துக்கிட்டு வெந்துபோயிரும். செலவை மாத்திக்க அதுக்கு நாலஞ்சு நாள் வேணும்."

"பாக்டீரியாவுக்கு வக்கீல் வேலை பாக்குறீங்க" என்று சிரித்தவர், முதல் தொட்டியின் கூரையைத் தாமே கழுவினார்.

மறுநாள் அந்தத் தொட்டி வைக்கோல் நிறத்தில் நுரைத்து நாறியது. பத்து வருடமாக நரங்குவா வளர்த்த தொட்டி அது. கிடங்கிலிருந்து கறுப்பு நிழல்வலையை இழுத்து வந்தாள். மீதி ஐந்து தொட்டிகளுக்கும் கூரைக்கு அடியில் வலையைக் கட்டிய பிறகே கூரைகளைக் கழுவினாள். தினமும் காலையில் ஒரு முழம் வலையை மட்டும் சுருட்டினாள். இரண்டாம் நாளிலிருந்து லியாவும் வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கருநீலம் மெல்ல வெளுத்துப் பச்சையானது. நிறமிக்குப் போன சத்து வளர்ச்சிக்குத் திரும்பிவிட்டதென்று அவளுக்குப் புரிந்தது. வலை கட்டிய ஏழாம் நாள் ஐந்து தொட்டிகளிலும் அறுவடை பழைய அளவுக்கு வந்தது. செத்ததை இறைத்துவிட்டு, இரண்டாம் தொட்டியின் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் மொண்டு முதலாவதில் விதையாக ஊற்றினார்கள்.

அன்று வறுத்த தினை மிதந்த உப்புப் பால் தேநீரைக் குடித்தபடி லியாவ் கேட்டார்:

"வலையை எப்ப, எவ்வளவு எடுக்கணும்னு எழுதி வச்சிருங்கக்கா."

எழுதி மாட்டினாள், மங்கோலிய எழுத்தில். லியாவுக்குச் சீனம் மட்டுந்தான் தெரியும். அதனால் மேகம் கூடும்போதெல்லாம் அவரே நடந்து வந்து அவளைக் கேட்டுவிட்டுப் போகிறார்.