தனி அடுப்பு

இசக்கிமுத்து விரித்துக் காட்டாத பட்டைக் கட்டிக்கொண்டு இந்தச் சென்னையில் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறியதில்லை. சரி, இது கொஞ்சம் கூடுதலான அளப்புதான். பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்களையும், எதிர்க்கடைக்குப் போனவர்களையும் கழித்துவிடலாம். மிச்சத்திலும் பாதியைக் கழித்தால் கணக்கு ஏறக்குறைய நேராகும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தி. நகர் கடையொன்றில், வெள்ளை விரிப்புக்குப் பின்னால் நின்றே வயதானவர். அவர் புடவை விற்றார் என்று சொல்வதைவிடக் கதை விற்றார் என்பதே சரி. "இந்த மாம்பழ மஞ்சள் இருக்கே, நெசவுக்காரர் தன் மக கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தது. மனசே இல்லாமத்தான் குடுத்தாரு" என்பார். கேட்கும் அம்மாவின் கண் கலங்கும், பில் போடச் சொல்வாள். அதே மாம்பழ மஞ்சளில் இன்னும் ஒரு டஜன் அலமாரிக்குள் சாதுவாக அடுக்கியிருக்கும்.

நின்று நின்று காலில் நரம்பு புடைத்து, ஓய்வு வயதுக்கு முன்பே வேலையை விட்டார். பிறகு மந்தைவெளியில் மகன் செம்பியனின் வாடகை வீடு. இரண்டாவது மாடி. மகன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் மருமகள் சாருலதா, பேத்தி, இசக்கிமுத்து, அவர் மனைவி சந்திரிகா என்று ஐந்து பேர், ஒரே சமையல்.

ஒருநாள் சந்திரிகா காய்கறிப் பையோடு பாதி மாடியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு ஏறவில்லை. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர். தனியார் மருத்துவமனையில் சொன்ன செலவைக் கேட்டுச் செம்பியன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். "அரசுக் காப்பீடு ஏதாவது இருந்தா இங்கேயே பண்ணிடலாம்" என்றார் மருத்துவர்.

இசக்கிமுத்து இ-சேவை மையம் நடத்தும் ஷரீஃபிடம் போய் உட்கார்ந்தார்.

"திட்டம் நெறைய கீது மாமா," என்றான் ஷரீஃப். "எழுபது தாண்டினா, வருமானமே பாக்காம சென்ட்ரல்ல ஒண்ணு தராங்கோ. அம்மாவுக்கு இன்னா வயசு?"

"அறுபத்துமூணு."

"அப்போ ஏழு வருஷம் கழிச்சு இட்டுக்கினு வாங்க."

"வாய்ல வசம்ப வெச்சுத் தேய்க்க! அவ ஏழு படியே ஏற மாட்டா, ஏழு வருஷமாம்."

"கோச்சுக்காத மாமா. கவர்மென்ட் பென்ஷன் வாங்கறவங்களுக்குத் தனியா ஒரு காப்பீடு கீது."

"பட்டுக்கடையில எவம்டே பென்ஷன் குடுக்கான்?"

"ஈ.எஸ்.ஐ. புடிச்சாங்களா? ரிட்டயர் ஆனப்புறமும் அத்தத் தொடரலாம்."

"ரிட்டயர் ஆகுத வரைக்கும் காலு நிக்கலியே."

"அப்போ அதுவும் பூட்ச்சு. மிச்சம் முதலமைச்சர் காப்பீடுதான். வருமானம் கம்மியா இருக்கணும். ரேஷன் கார்ட குடு." வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "புள்ள சம்பளம், மருமவ சம்பளம் எல்லாம் இதுல வருது. லிமிட்டைத் தாண்டுது நைனா."

"அவன் சம்பளம் என் கைக்கு எங்கடே வருது?"

"கைக்கு வருதான்னு கேக்கல. கார்டுல கீதான்னு கேக்கறாங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்துட்டுத் தனி கார்டு போட்டுக்கலாம். வூட்டாண்ட வந்து பாப்பாங்கோ. தனி அடுப்பு இருக்கணும். தனியா பொங்கித் துன்னாத்தான் தனிக் குடும்பம்."

வீட்டில் சொன்னபோது சாருலதாவுக்குத்தான் மனது வரவில்லை. "ஊர்ல கேட்டா என்னைத்தான் மாமா சொல்லுவாங்க. மாமியாரைத் தள்ளி வெச்சுட்டான்னு."

"காகிதத்துக்குத்தானே சாரு," என்றான் செம்பியன்.

மறுநாள் அவளே பால்கனியைக் கழுவினாள். துணிக்கொடியை அவிழ்த்தாள். சின்ன சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வாங்கி வைத்தாள். அடுப்பின்மேல் வெறுமையாக இருக்கிறதே என்று, தன் சீரில் வந்த பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து ஏற்றினாள். சந்திரிகா அந்தப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். பால்கனியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கரியே படாமல் மின்னிய பானையை மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். அவ்வளவுதான். எழுதிக்கொண்டு போயிருப்பார். ஆனால் அந்த ஒரு நொடி இசக்கிமுத்துவுக்குத் தெரிந்த நொடி. விரித்த புடவையை விட்டு வாடிக்கையாளரின் கை பின்வாங்கும் நொடி. அதற்கு அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது.

"மகனைக் குத்தம் சொல்ல மாட்டேம்மா," என்று ஆரம்பித்தார். "வந்தவ சரியில்ல. இவ மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு வாய் வெந்நீர் கேட்டா, கேஸு என்ன உங்க அப்பன் வீட்டுதான்னு கேக்கா. ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணிய ஊத்தி எங்க முன்னாலயே நாய்க்குக் கொண்டு போறா. எங்களுக்கு இல்ல."

அதிகாரியின் கண்கள் கலங்கின. இசக்கிமுத்துவின் கண்களும் கலங்கின. தன் கதைக்கு முதலில் உருகுகிறவர் எப்போதும் அவர்தான். "கவலைப்படாதீங்க ஐயா, கார்டு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல், யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கென்று சாருலதா சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

அவள் சண்டை போடவில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்மா" என்று இவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தபோது, "தெரியும் மாமா" என்றாள். அன்று இரவு மூன்று தட்டுதான் வைத்தாள். பால்கனி வாசலில் அரிசியும் பருப்பும் இருந்தன, உப்பு ஜாடியும் இருந்தது. குறையில்லாமல் வைத்திருந்தாள். "அத்தைக்கு உப்பு குறைக்கணும்ல? தனியாவே இருக்கட்டும்."

செம்பியன் தட்டைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான், சாப்பிட்டு எழுந்தான்.

மழை வந்தால் சாரல் அடுப்பில் அடித்தது. பித்தளைப் பானையில் கரி ஏறியது. இன்னொரு முறை யாராவது சோதிக்க வந்திருந்தால் ஒரு பேச்சுப் பேச வேண்டியிருக்காது. ரேஷன் கார்டு வந்தது, வருமானச் சான்று வந்தது, கடைசியில் காப்பீட்டு அட்டையும் வந்தது. அதற்குள் சந்திரிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவளாகியிருந்தாள்.

மருத்துவமனையில் அட்டையை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்கள். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். பிறகு மருத்துவர் இசக்கிமுத்துவைத் தனியே அழைத்தார். இதயம் ரொம்பவும் தளர்ந்துவிட்டது, இனிக் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும், மாத்திரையில் எவ்வளவு நாள் ஓடுமோ ஓடட்டும் என்றார்.

"அந்த மாத்திரைக்கு இந்தக் கார்டு செல்லுமாய்யா?"

"அட்மிட் ஆகி ஆபரேஷன் பண்ணினாத்தான் பெரியவரே. வீட்டுல போட்டுக்கற மாத்திரைக்குச் செல்லாது."

அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்புமுன் செவிலிப்பெண் ஒரு தாளோடு கட்டிலருகே வந்தாள். "பாட்டி இனிமே அடுப்புகிட்ட நிக்கவே கூடாது. பக்கத்துல எப்பவும் ஆள் இருக்கணும். வீட்டுல எத்தனை பேர்?"

இசக்கிமுத்து நிமிர்ந்தார். "அஞ்சு பேரும்மா. மகன், மருமக, பேத்தி. மருமக இருக்காளே, தங்கம்! இவளுக்குன்னு தன் சீர்ப் பானையையே எடுத்துக் குடுத்தவ. உக்கார வெச்சு ஊட்டி விடுவா."

சந்திரிகா கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு பேருன்னு போட்டுக்கோம்மா" என்றாள்.