தாய்வீட்டுக்குப் போய் வந்த குற்றம்

பிறத்தியார் கஷ்டத்தை ஒரு ஒரிஜினல், இரண்டு கார்பன் காப்பியாக அடித்துக் கொடுத்துப் பிழைக்கிற தொழில் என்னுடையது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், ஒரு மேஜை, ஒரு பழைய டைப்ரைட்டர், எதிரே கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். நெய்வேலி மைன்ஸில் குமாஸ்தா வேலைக்கென்று திருச்சியிலிருந்து வந்தவன் நான். வேலை கிடைக்கவில்லை, வேலை கேட்டு மனுப் போடுகிறவர்கள் கிடைத்தார்கள். குவார்ட்டர்ஸ் வேண்டும், ஷிப்ட் மாற்ற வேண்டும், பெர்மனென்ட் ஆக்க வேண்டும் என்று எந்த மனுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவேன். ஒரே ஒரு மனுதான் என் கர்வத்தை அடக்கியது. வாழ்நாளில் ஒரு தடவையாவது படிவம் நிரப்பிக் கொண்டுபோய், ‘இது செல்லாது, வேற எழுதிக்கிட்டு வாங்க’ என்று திரும்பி வந்த புண்ணியவான்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

ஊர் எங்கே?

கலியபெருமாளுக்கு மைன்ஸில் மிஷினுக்கு கிரீஸ் போடுகிற வேலை. இந்தப் பக்கத்து ஆள். தரைக்குக் கீழே நிலக்கரி இருக்கிறதென்று ஊரை எடுத்துக்கொண்டபோது வேலை கிடைத்தவர்களில் ஒருவர். அவருடைய தாய்மாமன் சின்ன வயதிலேயே மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் குடியேறிவிட்டார். அந்த மாமன் மகள் சரோஜாவைத்தான் கலியபெருமாள் கட்டியிருந்தார். அவள் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் மலாயா. கையில் இருந்ததும் அந்த ஊர்ப் பாஸ்போர்ட்.

என்னிடம் வந்த அன்றைக்குக் கலியபெருமாள் அந்தப் பாஸ்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். தங்கும் அனுமதி இன்னும் ஆறே மாதம். அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது என்று முத்திரை குத்தியிருந்தது. அதற்குள் சரோஜா இந்தியப் பிரஜையாகப் பதிவாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டியதுதான். புருஷன் இங்கே, பெண்டாட்டி பிள்ளை அங்கே.

“அட, கல்யாணம் ஆன பெண்டாட்டிக்குக் குடியுரிமை வாங்க என்னய்யா கஷ்டம்? ஒரு மணி நேரத்தில் அடிச்சுத் தர்றேன்” என்று காகிதத்தைச் சொருகினேன். வாய்க்கொழுப்பு! முதல் கேள்வி, கணவரின் பெயர். அடித்தேன். இரண்டாவது, கணவரின் நிரந்தர முகவரி. “சொல்லுங்க” என்றேன். தலையைச் சொறிந்தார். ஊர்ப் பேரையாவது சொல்லுங்கள் என்று நான் எரிந்து விழவும்தான் பதில் வந்தது.

“பேரு இருக்குதுங்க சார், ஊருதான் இல்ல. எங்க வூடு இருந்த எடம் இப்ப பள்ளம். அதுல மண்ணு வெட்டுற மிஷின் ஒண்ணு நின்னுகினு இருக்குது. மிஷினுக்கு நம்பர் உண்டு, வேணும்னா அத எழுதிக்கிங்க.”

என் கூட்டல் கணக்கு

மனு போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஆறு மாதம் இந்த நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. நான் கணக்குப் போட்டேன். கல்யாணமாகி எட்டு மாதம் இங்கே இருந்திருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்குத் தாய்வீடு பண்ருட்டியில் இருக்கும், முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும். இவளுக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம். ஐந்து மாதம் அங்கே இருந்து, பிள்ளையோடு திரும்பி வந்து ஒரு மாதம். எட்டும் ஒன்றும் ஒன்பது. ஆறுக்கு ஒன்பது இருக்கிறதே, தாராளம்! ‘ஒன்பது மாதம் வசித்துள்ளார்’ என்று கொட்டை எழுத்தில் அடித்து, நானே கலியபெருமாளோடு பஸ் ஏறிக் கடலூருக்குப் போனேன்.

அங்கே கலெக்டர் ஆபீஸில் ஹெட் கிளார்க் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கிறவர். படித்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். “கூட்டாதீங்க” என்றார். மனுப் போடுகிற நாளுக்கு முந்தைய ஆறு மாதம், நடுவில் முறியாமல் இருக்க வேண்டுமாம். போய்விட்டு வந்ததால் பழைய எட்டு மாதம் காலி. திரும்பக் கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். இன்னும் ஐந்து மாதம் கழித்துத்தான் மனுவே போட முடியும். அதற்குப் பிறகு அனுமதி தீர மிஞ்சுவது ஒரே மாதம். அந்த எட்டில் கடைசி இரண்டு மாதத்துக்குள் என்றைக்காவது ஒரு நாள் மனுவைப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ‘அப்பறம் பாத்துக்கலாம்’ என்று இருந்துவிட்டார் நம் ஆள். நான் விடவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகாத பெண் உண்டா, நீங்களே சொல்லுங்கள் சார் என்று வாதாடினேன். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

“எம் பொண்ணும் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா, ஒம்பதாம் மாசம். போறது நம்ம வழக்கம், அதுல தப்பே இல்ல. ஆனா சட்டத்துக்குத் தாய்வீடு கெடையாதுங்களே, நான் என்ன செய்ய?”

பதினைந்தே நாள்

ஊர் திரும்பி, சரோஜாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். இந்த ஐந்து மாதமும் நீ கப்பல் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. “சரிங்கண்ணே” என்றாள். நல்ல பெண். வந்தவுடன் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கிற மலாயாப் பழக்கம் அவளுக்கு, எந்நேரம் வந்தாலும் கேட்பாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் கேட்காமல் வந்து உட்கார்ந்தாள். கையில் விமானத் தபால். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மூத்த அக்கா வந்துதான் பெண்ணை மணையில் உட்காரவைக்க வேண்டும் என்று அப்பா எழுதியிருந்தார். கப்பல் டிக்கெட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட்டாராம். “பதினஞ்சு நாள்தான் அண்ணே, ஓடிட்டு ஓடி வந்துர்றேன்” என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “போ, தாராளமாப் போ! பதினஞ்சு நாள் இல்லே, அங்கேயே இரு! இங்கே உம் புருஷன் கிரீஸ் டப்பாவோட குடும்பம் நடத்தட்டும்!” என்று கத்தினேன். சைக்கிள் கடைக்காரர் பம்ப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தங்கை கல்யாணத்துக்குப் போகாதே என்று எந்த அண்ணனாவது சொல்வானா? ஆனாலும் நான் மாற்றிச் சொல்லவில்லை. என் டைப்ரைட்டரிலேயே அவள் அப்பாவுக்குக் கடிதம் அடித்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்ததுதான். கடைசி வரி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“அப்பா, தாலி கட்டுற நேரம் எத்தனை மணின்னு எழுதுங்க, அந்நேரத்துக்கு நானும் இங்க சாமி முன்னால நிப்பேன். அக்கா வரலையேன்னு தங்கச்சிய அழுவ வேணாம்னு சொல்லுங்க.”

பாண்டிச்சேரி இந்தியாவா?

அடுத்த இடி பக்கத்திலிருந்தே வந்தது. ஒரு மத்தியானம் கலியபெருமாள் டூட்டி உடுப்போடு ஓடி வந்தார். “சார், மோசம் போயிட்டேன்! கணக்கு முறிஞ்சி பூட்டுது!” என்று ஸ்டூலில் விழுந்தார். என்ன ஆயிற்றென்றால், குழந்தைக்குக் கண் சிவந்து வீங்கியிருக்கிறது. அவர் ஷிப்டில் இருந்தபோது, பாண்டிச்சேரியில் இருக்கும் அவர் அக்கா வந்து, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று சரோஜாவையும் பிள்ளையையும் அழைத்துப்போய்விட்டாள். இரண்டு நாள் தங்கிக் கண் சரியாகித் திரும்பியும் வந்தாயிற்று. யாரோ ஒரு புத்திசாலி, “பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் ஊராச்சே, அது வெளிநாடுதானே?” என்று கொளுத்திப் போட்டிருக்கிறான்.

சிரிக்காதீர்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும், பாண்டிச்சேரி காகிதத்தில் இன்னும் முழுசாகக் கைமாறவில்லை என்று அப்போது பேச்சு இருந்தது. டீக்கடையில் கேட்டால் இந்தியா என்றான் ஒருத்தன், இல்லை என்றான் இன்னொருத்தன். மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூருக்கு ஓடினோம். ஹெட் கிளார்க் புத்தகத்தைப் புரட்டினார், உள்ளே போய் ஒரு பெரியவரைக் கேட்டார், வெளியே வந்தார். கலியபெருமாள் கை கூப்பினபடியே நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாளில் திரும்பினதெல்லாம் குடியிருப்பை முறிக்காது, பயப்படாமல் போங்கள் என்றார். எனக்கு மூச்சு வந்தது. “ஆனாலும் பாண்டிச்சேரி வெளிநாடு இல்லைதானே சார்?” என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். நம் மாகாணத்தில் மதுவிலக்கு இருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேளுங்கள்.

“நான் மாசாமாசம் முதல் சனிக்கிழமை பாண்டிச்சேரி போய்த் திங்கக்கிழமை வர்றவன். அது வெளிநாடுன்னா மொதல்ல என்னைத்தான்யா நாடு கடத்தணும்.”

குழாயடிச் சாட்சி

ஒரு வழியாக ஆறு மாதம் நிறைந்தது. நிறைந்த மறுநாளே மனுவைக் கொடுத்தோம். அனுமதி தீர ஒரு மாதம்கூட இல்லை. நாள் ஓடுகிறது, விசாரணைக்கு ஆள் வரக் காணோம். பதினாறாம் நாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். இந்தப் பெண் ஆறு மாதமும் இங்கேதான் குடியிருந்தாளா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டும். மந்தாரக்குப்பத்தில் அவர்கள் இருந்தது வாடகை வீட்டு வரிசை. அரசாங்க ஆள், கையில் நோட்டு என்றதும் படபடவென்று கதவுகள் சாத்திக்கொண்டன. சாட்சி சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயம். வீட்டுக்காரர், “நான் அந்தப் பக்கமே வர்றதில்லீங்க” என்று நழுவினார். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடப்போனார். சரோஜா முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது எதிர்வீட்டு அஞ்சலை வெளியே வந்தாள். கலியபெருமாள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “போச்சு சார், இவளுக்கும் எம் பொண்டாட்டிக்கும் ஆவாது” என்றார். தெருக்குழாயில் இரண்டு பேருக்கும் தினமும் குடம் உருளுமாம். இன்ஸ்பெக்டர் கேட்டார்: “இந்தம்மா ஆறு மாசமா இங்கதான் இருக்காங்களா?” அஞ்சலை இடுப்பில் கையை வைத்தாள். “நல்லாக் கேட்டீங்க! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இவ என்னை முந்திகினு கொடம் வைக்காம வுட்டாளா கேளுங்க! விடிஞ்சா இவ மூஞ்சி, பொழுது போனா இவ மூஞ்சி! இவ மட்டும் ஊரவுட்டு எங்கனா போயிருந்தா நான் சண்ட இல்லாம தண்ணி புடிச்சிருக்க மாட்டனா?” என்று பிடித்தாள் ஒரு பிடி. பாண்டிச்சேரியில் இருந்த இரண்டு நாளை அவள் மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினதை நான் எட்டிப் பார்த்தேன்: ‘மேற்படி அம்மாள் இடைவிடாமல் இங்கேயே வசிப்பதாக அண்டை வீட்டார் உறுதியாகத் தெரிவிக்கிறார்.’

அவர் போனதும் சரோஜா ஓடிப்போய் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அஞ்சலைக்கும் கண் கலங்கியதென்று நினைக்கிறேன். கையை உதறிக்கொண்டு உள்ளே போகப் போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

“தே, ரொம்பத்தான் அழுவாத. நெசத்தச் சொன்னேன், உனுக்காவ ஒண்ணும் சொல்லல. நாளைக்கிக் காலையில நான்தான் மொத கொடம், ஆமா!”

கையில் காகிதம்

அனுமதி தீர நாலு நாள் இருக்கும்போது கடலூருக்குக் கூப்பிட்டார்கள். சரோஜா ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் காகிதமாக நின்று, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், விசுவாசப் பிரமாணத்தை எழுத்தெழுத்தாகப் படித்தாள். சான்றிதழைக் கொடுத்தார்கள். அப்பாடா! கலியபெருமாள் ஆபீஸ் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு விசும்பினார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைப்பானேன், சந்தோஷம்தான். ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். சரோஜா சான்றிதழை மடிக்காமல், புருஷன் மடியில் இருந்த பிள்ளை கைக்கு எட்டாமல், உயர்த்திப் பிடித்துக்கொண்டே குடித்தாள். நாலு மடக்குக் குடித்தவள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இனிமே நான் எங்கம்மாவப் போய்ப் பாத்துட்டு வந்தா, உள்ள வராதேன்னு என்னை யாரும் சொல்ல முடியாதுல்ல?”

ஊர் எல்லையைத் தாண்டாதே என்று மாதக்கணக்கில் கத்தி ஒருத்தியை இந்த நாட்டுக் குடியாக்கினேன், அடுத்த நாள் காலை கடையைத் திறந்து அவளுக்கு நான் முதலில் அடித்துக் கொடுத்தது வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்கு மனு!