பஸ்ஸில் போட்ட துண்டும் எம்.காம். பட்டமும்

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் சகாதேவன் விடுதி வாசல் பலகையில் பழைய வாடகையை ஈரத்துணியால் அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருப்பார். எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து, ஓவியம் வரைந்தவர் போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். போன மாதம் தங்கிய யாராவது வந்து முறைத்தால் பதில் தயார். "நான் ஏத்தல சார். டிமாண்டு ஜாஸ்தி, சப்ளை கம்மி. மார்க்கெட் ஏத்துது." கேட்டவர், அந்த மார்க்கெட் எங்கே நிற்கிறது என்று தேடுவதுபோலச் செங்கம் சாலையை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை உள்ளே எடுத்துப்போவார்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள அந்த விடுதிக்கு மேனேஜர், கணக்கு எழுதுபவர், தண்ணீர் மோட்டார் போடுபவர் எல்லாம் இவர்தான். முப்பத்தாறு வயது. தொண்ணூற்றெட்டில் அஞ்சல் வழியில் எம்.காம். சேர்ந்து, இன்னமும் படிக்கிறார். மற்ற தாள்களெல்லாம் தேறியாயிற்று. ஒன்று மட்டும் இவரை விடமாட்டேன் என்கிறது: 'நிதிச் சந்தைகளும் நிறுவனங்களும்'.

அந்தத் தாளை இவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி மாறன். கூடவே சேர்ந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இருவரும் படிப்பார்கள். பாடப்புத்தகத்தின் தமிழ் இருவருக்கும் புரியாது. அதனால் மாறன் ஊரிலிருந்தே உதாரணம் எடுப்பான். வங்கிகள் ஒரே இரவுக்குத் தங்களுக்குள் கடன் வாங்கிக்கொள்ளும் சந்தையா? கிரிவலக் கூட்டத்தில் பால் தீர்ந்துபோன அடி அண்ணாமலை டீக்கடைக்காரர், பக்கத்துக் கடையில் ஒரு கேன் வாங்கி, விடிந்ததும் ஒரு லிட்டர் கூடச் சேர்த்துத் திருப்பித் தருவது. பங்குகள் கைமாறும் இரண்டாம் நிலைச் சந்தையா? அதற்குப் பௌர்ணமி பஸ் ஸ்டாண்டு.

"ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கறான் பாரு, அத அப்டியே இன்னொருத்தனுக்கு வித்துடறான். கண்டக்டருக்குக் குடுக்கறது பிரைமரி. துண்டு போட்டவனுக்குக் குடுக்கறது செகண்டரி. அதுல பஸ்ஸுக்கு நயா பைசா போவாது. புரியுதாடா?"

புரிந்துவிட்டது. அதுதான் வினையாயிற்று.

தேர்வுக்கு முந்தின மாதம் மாறன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். சகாதேவன் தனியாக வேலூர் போய் எழுதினார். புத்தகத்தில் இருந்த நாலு வரி விளக்கத்தை விட்டுவிட்டுத் துண்டைப் பற்றி இரண்டு பக்கம். திருத்தியவர் பௌர்ணமி பஸ்ஸில் ஏறியதே இல்லை போலிருக்கிறது. அடுத்த முறையும் துண்டு. அதற்கடுத்த முறை துண்டோடு பால் கேனும் சேர்ந்துகொண்டது. நம் பங்குச் சந்தையில்கூட இப்படி ஓர் உறுதியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"வேற எப்டிக்கா எழுதறது? நான் படிச்சதே அதான்" என்பார் என்னிடம்.

செங்கம் பக்கம் புதிதாக வந்த ஒரு கல்லூரியில், எம்.காம். முடித்தால் சகாதேவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பழைய பாடத்திட்டத்துக்கு இந்த ஆண்டுதான் கடைசி. இப்போதும் தவறினால் எல்லாத் தாள்களும் முதலிலிருந்து. அவர் மனைவி பாஞ்சாலை என் அம்மாவைத் தேடி வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல பரீட்ச வெச்சா இவருதாம்மா ஃபர்ஸ்ட்டு. எவ்ளோ சொல்லியும் கேக்கல. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சகாதேவனும் வழக்கம்போல வந்தார். அம்மா காபியை வைத்துவிட்டு, மகன் பெயரை எடுக்காமலே சொன்னார். "தே பாருப்பா, இந்த வாட்டி புக்குல இருக்கறதையே எழுதிட்டு வந்துரு. துண்டெல்லாம் வேணாம்."

"சரிம்மா."

அப்புறம் புத்தகத்தைத் திறந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி மனப்பாடம் செய்தார். 'ஏற்கெனவே வெளியிடப்பட்ட பத்திரங்கள் முதலீட்டாளர்களிடையே பரிமாறப்படும் சந்தை.' முதல்முறையாகச் சரியான விடை. கேட்கச் சகிக்கவில்லை.

போன புதன்கிழமை தேர்வு. வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையருகே உட்கார்ந்தார்.

"அந்தக் கேள்வி வந்துதா?" என்றார் அம்மா.

"வந்துதும்மா. புக்குல இருக்கற மாதிரியே எழுதிட்டேன். ஒரு வார்த்த மாத்தல."

"நல்லதுப்பா." அம்மா உள்ளே போகத் திரும்பியவர், நின்றார். "துண்டு?"

சகாதேவன் பிடரியைச் சொறிந்தார். "கீழ அதையும் எழுதினேன். அப்பறம் அடிச்சிட்டேன்."

"அடிச்சிட்டியா."

"அடிச்சேம்மா. ஆனா கிறுக்கி அடிக்கல."

எப்படி அடித்தார் என்பதை அவரே காட்டினார். ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்து, இடமிருந்து வலமாக ஒரே ஒரு கோடு இழுத்தார். அடியில் இருக்கும் எழுத்து ஒன்றுகூட மறைந்துவிடக் கூடாது என்பதுபோல, விரல் மேசையில் பட்டும் படாமலும் போயிற்று.