அம்மாமார் அணி

பேட்டையில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடைதான் முக்கிய வேலை. கூடவே சாரணர், சாரணியர் உடுப்பும் தைப்பேன். அந்த இயக்கம் மாறிக்கொண்டு வந்ததை நான் முதலில் பார்த்தது மைதானத்தில் இல்லை, வெட்டு மேசையில்தான். கடை போட்ட புதிதில் வந்ததெல்லாம் பையன்களின் காக்கி அரைக்கால் சட்டை. சில வருஷத்தில் அது முழுக்கால் சட்டையானது. பெண்பிள்ளைகளுக்கு முதலில் பாவாடை, பிறகு வெளிர்நீலச் சுடிதார். ஒருநாள் ஒரு பிள்ளை வந்து, அதே நீலத் துணியில் தலைக்கும் முக்காடு தைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து ஆறேழு பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

பிள்ளைகள் கூடக்கூட, கூடவே ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து கண்டிப்பு வந்தது. எங்கள் வட்டாரப் பள்ளித் தலைமையாசிரியை, தைத்த உடுப்பை வாங்க வந்தவர், கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க வாங்களேன். சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரந்தான்."

"எனக்குக் கயிறு முடிச்செல்லாம் போடத் தெரியாதே டீச்சர்."

"நூலைக் கோத்து முடிச்சுப் போடத் தெரியும்லா? அதுல இருந்து ஆரம்பிங்க."

அப்படித்தான் நாற்பது தாண்டிய வயதில் நான் சாரணியர் கேப்டன் ஆனேன். பயிற்சிக்குப் போய்ச் சட்டதிட்டமெல்லாம் கற்றுக்கொண்டு வந்தேன். ஆனாலும் பிள்ளைகளுக்கு நான் கேப்டன் இல்லை, டெய்லரக்காதான். உடுப்பும் தொப்பியுமாக நிற்கும்போதும், "டெய்லரக்கா, இவ என் கம்பை எடுத்துட்டா" என்றுதான் ஓடி வருவார்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு குறை. பையன்கள் வருஷா வருஷம் முகாம் போனார்கள். அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, பக்கத்தில் வாய்க்கால், அதைத் தாண்டினால் ஆறு. மூன்று நாள் கூடாரத்தில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, மூக்கெல்லாம் கரியாகத் திரும்பி வந்து கதை அளப்பார்கள். எங்கள் பிள்ளைகள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் பயிற்சியோடு சரி. வெளியே தங்க ஒரு வீட்டிலும் விடவில்லை. முகாமில் தங்காமல் அடுத்த படிக்கான பேட்ஜும் கிடையாது.

அந்த வருஷம் எங்கள் அணித்தலைவி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. கெட்டிக்காரி. கம்பும் கயிறும் கையில் கிடைத்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும். அவள் போனால் பத்துப் பேர் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவள் வீட்டுக்கே போனேன். அவள் உம்மா இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள், என் கடைக்கு வந்து போகிறவள்தான். வாப்பா சவூதியில்.

"அவ வாப்பாட்ட போன்ல கேட்டாச்சு, சரின்னு சொல்லிட்டாராமே, தங்கச்சி?" என்றேன்.

"அவிய அங்கன இருந்து சொல்லிருவாவ. இங்கன கண்ணு மூடாம கெடக்கப் போறது யாரு? நாந்தான்."

"நான் கூடவே இருப்பேன். என்னைத் தாண்டி யாரும் கிட்ட வர முடியாது."

"உங்கள நம்பாமயா? எனக்கு மனசு கேக்கலக்கா. இந்த வயசு வரைக்கும் நானே சொந்தக்காரங்க வீடு தவிர வெளிய தங்கினதில்ல."

மகள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் உம்மாவுக்குத் திட்ட வசதியாக இருந்திருக்கும். அந்தப் பேசாமைதான் உம்மாவை என்னவோ செய்தது. சுளகைக் கீழே வைத்தாள்.

"நானும் கூட வந்தா விடுதேன்."

கோபத்தில் சொன்னாளா, நான் மாட்டேன் என்று சொல்லட்டும் என்று சொன்னாளா தெரியவில்லை. நான் யோசிக்கவே இல்லை. "சரி, வா" என்றேன். சுளகிலிருந்த இலை ஒன்று பறந்து போனதுகூடத் தெரியாமல் என்னையே பார்த்தாள்.

தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. உம்மா போகிறாள் என்றதும் இன்னும் நாலைந்து அம்மாமார் தாங்களும் வருகிறோம் என்று கிளம்பினார்கள். ஒருத்தி வயல் வேலைக்குப் போகிறவள். ஒருத்திக்கு மாஞ்சோலை தேயிலைத் தோட்டம்தான் பிறந்து வளர்ந்த இடம்; வேலை குறைந்து பலரும் மலையை விட்டு இறங்கியபோது இங்கே வந்து குடியேறியவள். எல்லாருக்கும் காரணம் ஒன்றுதான், பிள்ளையைத் தனியாக விட மனசில்லை. காலாண்டு விடுமுறையில், பிள்ளைகளும் அம்மாமாருமாக ஒரு வேன் நிறைய அந்தத் தோப்பில் போய் இறங்கினோம். பையன்களும் மற்றப் பள்ளிக் குழுக்களும் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தார்கள்.

முகாம் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாருக்கும் பெரிய சார். அரைக்கால் சட்டைக் காலத்து மனுஷன். வேனிலிருந்து இறங்கிய பைகளையும், தூக்குச் சட்டிகளையும், ஒரு அம்மா கொண்டுவந்திருந்த தலையணைகளையும் பார்த்தார்.

"என்னம்மா இது? முகாமா, கல்யாண வீடா?"

முதல்நாள் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் குடத்தைத் தூக்கினால் அம்மாமார் பிடுங்கிக்கொண்டார்கள். கூடார வாசலைப் பெருக்கினார்கள். சமையல் போட்டி நடக்கும்போதே ஒருத்தி வந்து உப்புப் போட்டுவிட்டுப் போனாள். அணிவகுப்புக்கு விசில் ஊதியாயிற்று, எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அம்மா முன்னால் குத்தவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பெரிய சார் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

அணித்தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. உம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா, விடு. நான் பெருக்குதேன்."

"ஏட்டி, வீட்டுல ஒரு நாளு பெருக்கிருப்பியா?"

"வீட்டுல நீ விட்டாத்தான?"

உம்மாவுக்குச் சுருக்கென்றது. விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டுத் தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மற்ற அம்மாமாரும் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து பழக்கமே இல்லாத பெண்கள். விரல்களை என்ன செய்வது என்று தெரியாமல் ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. நேரே பெரிய சாரிடம் போனேன்.

"சார், அம்மாமாரையும் ஒரு அணியாச் சேத்துக்கிடலாமா? தனிக் கூடாரம், தனிச் சமையல். பிள்ளையளுக்குப் போடுத மாதிரியே மார்க்கும் போடுங்க."

அவர் காலத்தில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"அம்மான்னு பாவம் பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க சார்."

என் பையில் எப்போதும் துண்டுத் துணியும் கத்தரிக்கோலும் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கொரு கழுத்துத் துணி வெட்டிக் கொடுத்தேன். பிள்ளைகளின் அணிகளுக்கெல்லாம் பூப்பெயர். அம்மாமார் பெயருக்காகப் போட்ட சண்டை பக்கத்துத் தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் பிச்சிப்பூ அணி என்று முடிவானது. தலைவி யார் என்பதில் சண்டையே இல்லை. எல்லாரும் உம்மாவைக் கை காட்டினார்கள்.

அதன்பிறகு எங்கள் பிள்ளைகளின் கூடாரப் பக்கம் ஒரு அம்மாகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரமில்லை அவர்களுக்கு. பாத்திரம் துலக்கியதில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெரிய சார் ஒரு விரலால் தொட்டார், படுத்துவிட்டது. மதிப்பெண்ணில் பாதி போயிற்று. உம்மா வேகமாக மகளிடம் வந்தாள்.

"ஏட்டி, அந்தக் கயித்து முடிச்சு எப்படிப் போடுதது?"

"நீங்க வேற அணில்லா. சொல்லித் தரமாட்டேன்."

"பெத்த தாய்ட்டயா?"

மகள் அவளைக் கொஞ்ச நேரம் தவிக்கவிட்டாள். பிறகு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் போடுததைப் பாரு. ஒனக்கு நான் போட்டுத் தரமாட்டேன். நீயே போடணும்." உம்மா பார்த்தாள். காலம் முழுக்க இலையைச் சுருட்டி நூல் சுற்றிய விரல்கள், ரெண்டாவது தடவையிலேயே முடிச்சு விழுந்துவிட்டது. எழுந்து ஓடினாள். அன்றைக்குப் போட்ட கூடாரம் கிளம்பும்வரை நின்றது.

மூன்றாம் நாள் பாலம் கட்டும் போட்டி. கம்பும் கயிறும் மட்டும்தான். ஆணி கூடாது. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர், கார் நெல் சாகுபடிக்கு விட்டது, பைய ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் காலையிலிருந்து கட்டினார்கள். அணித்தலைவி தண்ணீரில் இறங்கி நின்று ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். இறுகாத முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொன்னாள். கூடப்படிக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. முக்காட்டின் நுனி நனைந்து தோளில் ஒட்டிக் கிடந்தது. எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. கரையில் சும்மா நின்றேன். ஒரு கேப்டனுக்கு அதைவிடப் பெருமை ஒன்று உண்டா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

கட்டி முடித்ததும் யார் முதலில் நடப்பது என்று பெரிய சார் கேட்டார். கட்டியவர்கள் அல்லாத வேறு ஆள் நடக்க வேண்டும், அதுதான் விதி. அணித்தலைவி கூட்டத்தைப் பார்த்தாள்.

"உம்மா, வா."

உம்மா ஒரு அடி பின்னால் போனாள். "எனக்கு நீச்சல் தெரியாதுட்டி."

"விழுந்தாத்தான நீச்சல் தெரியணும்? ஏறு. நான் கெட்டுனது."

உம்மா செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் கம்பு, ரெண்டாவது கம்பு. நடுவில் போனதும் நின்றுவிட்டாள். தலை குனிந்து தண்ணீரையே பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் கரையோரம் ஓடினேன். பெரிய சாரும் கயிற்றைப் பிடித்தார். அவள் பயப்படவில்லை. பாலத்தின் மேல் ஒரு குதி குதித்தாள். பிறகு இன்னொன்று.

"அசையலட்டி!" என்று கத்தினாள். "ஒரு சொட்டு அசையல!"

தோப்பே கைதட்டியது. பையன்கள் விசிலடித்தார்கள். பிச்சிப்பூ அணி முழுக்க வரிசைக்கு வந்துவிட்டது. மாஞ்சோலைக்காரி நடக்கவே இல்லை, ஓடியே போய்விட்டாள். கடைசி அம்மா அக்கரையில் இறங்குவதற்குள் பெரிய சார் பாலத்தின் கிட்டே வந்தார். கனத்த உடம்பு. காலை எடுத்து வைக்கப் போனார். அணித்தலைவி கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒவ்வொருத்தராத்தான் சார். அவங்க இறங்கட்டும். நான் கை காட்டுன பொறவு வாங்க."

மூன்று நாளும் எங்களையெல்லாம் விசிலில் ஆட்டிவைத்த மனுஷன், காலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை கை காட்டும்வரை காத்து நின்றார். அவள் காட்டினாள். அவர் நடந்தார். அக்கரையில் இறங்கியதும் திரும்பி, அந்தப் பிள்ளையைப் பார்த்து மூன்று விரலை நெற்றிக்கு நேரே உயர்த்திச் சல்யூட் அடித்தார். அவர் காலத்தில் அழுகிற பையனைக் கோழை என்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் கண் கலங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

முதலிடத்துக்கான கேடயம் எங்களுக்கு வரவில்லை. முதல்நாள் விட்ட மதிப்பெண் இழுத்துவிட்டது, ரெண்டாம் இடம்தான். உம்மாவால் தாங்க முடியவில்லை. வேனில் வழி நெடுக, "அந்தத் தலை பின்னுனது நாந்தாங்க்கா, அதுல போச்சு" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். அடுத்த வருஷம் முகாமுக்குப் பிள்ளைகள் மட்டும் போனார்கள், முன்னைவிட ரெண்டு மடங்கு பேர். வேன் கிளம்பும்போது உம்மா மகளின் பையைத் தொடக்கூட இல்லை. கேடயத்தோடு வந்தார்கள்.

உம்மா அதோடு நிற்கவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து, "எனக்கும் அளவு எடுங்க" என்றாள். பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். பக்கத்துப் பள்ளியில் புதிதாகச் சாரணியர் குழு ஆரம்பிக்கிறார்களாம், கேப்டன் வேண்டுமாம். நான் அளவெடுத்தேன். இப்போது பகலில் பீடி, சனிக்கிழமை சாயங்காலம் நீல உடுப்பு. பாலம் கட்டிய பிள்ளை கல்லூரியில் படித்துக்கொண்டே உம்மாவின் குழுவுக்கு உதவி செய்கிறாள்.

முன்னே இருந்த கண்டிப்பு போய்விட்டது, பிள்ளைகள் பூஞ்சையாகிவிட்டார்கள், விறகடுப்பு போய்க் கேஸ் வந்துவிட்டது என்று வருத்தப்படுகிற பழைய சாரணர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களோடு நான் வழக்காடுவதில்லை. வாய்க்கால் கரைக்கு ஒருநாள் வந்து பார்க்கச் சொல்வேன்.

இந்த வருஷப் பேரணி பாளையங்கோட்டை மைதானத்தில் நடந்தது. அணிவகுப்பில் உம்மாவின் குழு முதல் இடம், என் குழு ரெண்டாம் இடம். என்னைத் தோற்கடித்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். ரெண்டு குழுவும் ஒரே டவுண் பஸ்ஸில் ஏறித் திரும்பினோம். கேடயத்துக்கு ஜன்னலோர சீட்டு. பிள்ளைகள் பாடிய பாட்டில் டிரைவர் ஹார்ன் அடித்ததுகூடக் கேட்கவில்லை. கண்டக்டர் கூட்டத்தில் நெருக்கியடித்து வந்து கேடயத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல யாரு ஜெயிச்சது?"

"நாங்க!" என்று பஸ் முழுக்கக் கத்தியது. என் பிள்ளைகளும் சேர்ந்துதான்.