ஆறில் நாலு உண்டா?

பெருமுக்கல் மலர்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் தம்பியின் பேனர் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் சித்தார்த்தன் வைத்திருக்கும் அந்தக் கடையில் காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில் அச்சாகி வரும். தெருமுனையைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஆளைக்கூடச் சிங்கமே, சரித்திரமே, நாளைய தமிழகமே என்று போட்டுக் கொடுப்பான். நம் பக்கத்தில் பேனரில் ஏறிய எவரும் சின்ன மனிதராக இருந்ததில்லை.

அந்தக் கடையில் டிசைன் போடுகிற கம்ப்யூட்டர் நல்ல வேகமானது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் அக்காவின் கணக்கு ஓடும். ஒரு தடவை கல்யாண வீட்டார் அவசரமாக வந்து பேனர் கேட்டார்கள். "அக்கா கணக்கு ஓடிக்கினு இருக்குங்க. இப்ப நிறுத்துனா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சாயங்காலம் வாங்களேன்" என்றான் சித்தார்த்தன். அவர்கள் திட்டிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். என்ன கணக்கு என்று அவனைக் கேட்டால், "உலகத்துல எவனுக்கும் விடை தெரியாத கணக்கு" என்பான். பேனர்காரன் பேச்சு என்று யாரும் நம்பவில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஒரு எழுத்து கூட மிகையில்லை.

கேள்வி இதுதான். அணுவுக்குள்ளே இருக்கிற துகள்கள் விசித்திரமானவை. ஒரு துகளிடம் ஒரு கேள்வி கேட்டு விடை வாங்கினால், அந்த விடையை வைத்துக்கொண்டு இன்னொரு கேள்விக்குத் துளிகூட ஊகிக்க முடியாமல் போகலாம். இப்படி ஒன்றுக்கு ஒன்று துப்பே தராத கேள்விகள் மொத்தம் எத்தனை இருக்கும்? ஒட்டுக்கேட்க முடியாத ரகசியச் செய்தி அனுப்ப ஆசைப்படுகிறவர்களுக்கு இது தெரிந்தாக வேண்டும். இரண்டே விடை சாத்தியமுள்ள துகளுக்கு மூன்று கேள்விகள். மூன்று விடை என்றால் நாலு கேள்வி, நாலுக்கு ஐந்து, ஐந்துக்கு ஆறு. ஏழு விடைக்கும் எட்டு கேள்வி சரியாகக் கிடைக்கிறது. நடுவில் இந்த ஆறு மட்டும் அடம் பிடிக்கிறது. ஏழு வரவேண்டிய இடத்தில் மூன்றுதான் கிடைத்திருக்கிறது. நாலாவது உண்டு என்று காட்டியவரும் இல்லை, கிடையாது என்று நிரூபித்தவரும் இல்லை. பெரிய பெரிய ஊர்களில் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருமுக்கல்லில் ஒருத்தியும் உடைத்துக்கொண்டிருந்தாள். மலர்விழி திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. தற்காலிக வேலை. அம்மா குப்பம்மாள் நடவுக்கும் களை எடுக்கவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் போய் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவள். மலர்விழி எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்குச் சேர்ந்து, கல்யாணப் பேச்சுகளைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் கேள்வியைப் பற்றி இணையத்தில் ஒரு சொற்பொழிவில் கேள்விப்பட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் சீனுவாசன் என்ற பேராசிரியரைக் கைடாகப் பிடித்து, பகுதிநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட் நெரிசலில் மடியில் தாளை வைத்துக் கணக்குப் போட்டு, விழுப்புரம் போய்த் திரும்புவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஜாதகம் கணிக்கிறாள் என்று மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முழுக் கேள்வியையும் தீர்க்கிற ஆசை அவளுக்கு இல்லை. பெரிய காட்டில் ஒரு மூலையையாவது அலசிப் பார்த்துவிடலாம் என்றுதான் இறங்கினாள். ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, அவற்றோடு நாலாவது சேரவே சேராது என்று நிரூபித்தாள். ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அது. வெளிநாட்டில் ஒருவர், உள்நாட்டில் ஒருவர் என்று இரண்டு தேர்வாளர்களும் படித்துப் பாராட்டி எழுதிவிட்டார்கள். பாக்கி இருந்தது வைவா ஒன்றுதான். பொது வாய்மொழித் தேர்வு முடிந்தால் அன்றைக்கே முனைவர். அதோடு இன்னொன்றும் இருந்தது. அவள் கல்லூரியில் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் பட்டம் இருந்தால் அது அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

வைவாவுக்கு ஒரு வாரம் முன்னால், மத்தியானம், ஆசிரியர் அறையில் முதலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு மாணவி சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரு எண்ணால் வகுத்திருந்தாள். அந்த எண் பூஜ்யமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்பது பள்ளிப் பாடம். மலர்விழி சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் 'இது பூஜ்யம் ஆனால்?' என்று எழுதினாள். எழுதின கை அப்படியே நின்றுவிட்டது.

ஐந்தாம் அத்தியாயத்தில் அவளும் ஒரு எண்ணால் வகுத்திருந்தாள். அது எங்கேயும் பூஜ்யம் ஆகாது என்று நம்பியிருந்தாள். அங்கேயே ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். ஆனது. எல்லா இடத்திலும் இல்லை. அந்த வகைக்குள் ஒரே ஒரு புள்ளியில். அந்த ஒரு புள்ளியில் அவள் நிரூபணம் வாய் பேசவில்லை. மிச்சத் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

சீனுவாசன் கெட்ட மனிதர் இல்லை. தாளை இரண்டு முறை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ரெண்டு எக்சாமினர் பாத்தாச்சு. யாருக்கும் இது கண்ணுல படல. வைவா முடியட்டும், அப்புறம் பேப்பர்ல சரி பண்ணிக்கலாம். இந்த வேலையை விட்டா உனக்கு எப்ப வரும்?" என்றார். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவரே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

அந்தச் சீட்டின் கதை வைவா பார்த்தவர்களுக்குத் தெரியும். பொதுத் தேர்வு என்பதால் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யாருமே கேட்காமல் போனால் அசிங்கம். அதனால் முன்கூட்டியே கேள்விகளைச் சீட்டில் எழுதி இளைய ஆய்வு மாணவர்களிடம் கொடுத்து வைப்பார்கள். மலர்விழிக்கு மிகவும் பிடித்த கேள்வி, 'உங்கள் நிரூபணம் இந்த வகை முழுவதற்கும் விடாமல் பொருந்துமா?' என்பது. 'பொருந்தும்' என்று ஆரம்பித்து அழகாக விளக்குவாள். கிழிந்தது அந்தச் சீட்டுதான்.

அவளை மகாத்மா ஆக்க எனக்கு விருப்பமில்லை. அந்த வாரம் முழுக்க அவள் தனக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள். பொய் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே பிழைக்கிறோம்.

வைவா அன்று காலை பெருமுக்கல்லிலிருந்து ஒரு வேன் கிளம்பியது. குப்பம்மாள் பட்டுச்சேலையில் முன்சீட்டில். பின்னால் பாதித் தெரு. ஊர் முனையில் சித்தார்த்தன் தன் கைப்பட டிசைன் செய்த பேனர் நின்றது. மலர்விழி சிரிக்கிற படம், பின்னால் சுழலும் அணு, மேலே பெரிய எழுத்தில் 'உலகமே தேடிய விடையைக் கண்ட முனைவர்'. "ஒரு வகைக்கு மட்டும்தான்டா" என்று அவள் போன மாதமே சொல்லிப் பார்த்தாள். "ஒரு வகைக்குன்னு பேனர்ல போட்டா எவன்க்கா நிமிந்து பாப்பான்?" என்றுவிட்டான். வேன் அதைக் கடக்கும்போது எல்லாரும் கைதட்டினார்கள். மலர்விழி ஜன்னலின் மறுபக்கம் பார்த்துக்கொண்டாள்.

அரங்கில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பிரபாவதி கறாரானவர், ஆனால் அவருக்குத் திருப்தி என்று முகத்தில் தெரிந்தது. மலர்விழி ஆங்கிலத்தில் பேசினாள். வேனில் வந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் பெருமையாக உட்கார்ந்திருந்தார்கள். சீட்டு வைத்திருந்த மாணவர்கள் எழுந்து கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். "பார்வையாளர்கள் வேற யாராவது?" என்று பிரபாவதி வழக்கத்துக்குக் கேட்டு ஃபைலை எடுத்தார்.

பின்வரிசையில் சித்தார்த்தன் கை தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையில் அக்கா ஒத்திகை பார்த்ததைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு மனப்பாடம். அவளுக்குப் பிடித்த கேள்வியை ஒருத்தனும் கேட்காமல் விட்டானே என்று அவனுக்குத் தாங்கவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மேடம், ஒரு டவுட்டு" என்றான். அக்காவை மேடம் என்றதும் அரங்கம் சிரித்தது. "நீங்க சொன்ன அந்த வகைக்கு நாலாவது சேரவே சேராதுன்றீங்களே, ஒரு எடம்கூட உடாமவா? முழுசுக்கும் பொருந்துமா?"

"ரொம்ப நல்ல கேள்வி. சொல்லுங்க" என்றார் பிரபாவதி.

சீனுவாசன் மின்விசிறியைப் பார்த்தார். தம்பியின் முகம் மலர்ந்து கிடந்தது. முன்வரிசையில் அம்மா. 'பொருந்தும்' என்பது ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் வேலை, பட்டம், பேனர் எல்லாம் உண்மையாகிவிடும். அவளுக்கு அந்த முதலாண்டு மாணவியின் தாளும் தான் போட்ட சிவப்பு வட்டமும் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தாள்.

"இல்ல" என்றாள் மலர்விழி, தமிழில்.

பலகைக்குப் போய் ஐந்தாம் அத்தியாயத்தின் அந்த வரியை எழுதினாள். "இந்த எண்ணால வகுக்கறேன். ஒரு புள்ளியில இது பூஜ்யம் ஆயிடுது. அந்த எடத்துல என் நிரூபணம் நிக்காது. அங்க நாலாவது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது." அன்று காலையிலிருந்து அவள் பேசியதில் வேனில் வந்தவர்கள் எல்லாருக்கும் முழுசாகப் புரிந்தது அந்தக் கடைசி 'தெரியாது' ஒன்றுதான்.

பிரபாவதி எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"போன வாரம், மேடம்."

அவர் அவளையும் பார்த்தார், சீனுவாசனையும் பார்த்தார். ஃபைலை மூடினார். உள்ளறையில் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார்: அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டும், வைவா மறுபடியும் நடக்கும். அதாவது இந்த மாதம் பட்டம் இல்லை. வேலையும் போச்சு. இலை போட்டுச் சாப்பாடு தயாராக இருந்தது, யாரும் நகரவில்லை. குப்பம்மாள்தான் எழுந்தாள். "சோறு இன்னா பண்ணுச்சு? வாங்க எல்லாரும்" என்று சொல்லி, பிரபாவதிக்குத் தானே சாம்பார் ஊற்றினாள்.

திரும்புகிற வழியில் வேனில் பாட்டு இல்லை. ஊர் முனையில் சித்தார்த்தன் இறங்கி பேனரை அவிழ்த்தான். கட்டுக்கம்பி அவன் விரலைக் கிழித்தது. மலர்விழியும் இறங்கினாள். "நான் வாயை மூடிக்கினு குந்தியிருக்கலாம்கா" என்று அழுதான், முப்பது வயது ஆம்பிளை.

"நீ கேக்கலன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்டா. அதான் எனக்குப் பேஜாரா இருக்கு. புடி அந்தப் பக்கம்" என்று அவள் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினாள்.

பேனர் வீணாகவில்லை. அந்தப் பருவம் முழுக்க குப்பம்மாள் அதன் மேல் மல்லாட்டை காயப்போட்டாள், மகள் முகத்தில் மட்டும் கொட்டாமல். நிரந்தர வேலைக்கு வேறொருவர் வந்தார். மலர்விழி அவருக்கு ஆசிரியர் அறையில் நாற்காலி காட்டினாள். கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஒற்றைப் புள்ளிக்காகக் கணக்கு ஓடியது. விடை வரவில்லை. மழைக்காலத்தில் இரண்டாவது வைவா நடந்தது, வேன் இல்லாமல். பிரபாவதி முதல் கேள்வியாக சித்தார்த்தனின் கேள்வியையே கேட்டார். 'ஒரு புள்ளி தவிர. அங்கே தெரியவில்லை' என்று ஆய்வேட்டில் அச்சாகியிருந்ததையே அவளும் சொன்னாள். பட்டம் கொடுத்தார்கள். இன்றும் தற்காலிக வேலைதான். இன்றும் டோல்கேட்டில் மடியில் தாள்தான்.

பட்டம் கிடைத்த மறுநாள் ஊர் முனையில் புதுப் பேனர் நின்றது. அணு சுழலவில்லை, சிங்கம் இல்லை. 'ஆறில் நாலு உண்டா? இன்னும் தெரியாது. தேடிக்கொண்டிருப்பவர்: முனைவர் மலர்விழி.' நம் மாவட்டத்தில் தெரியாது என்று வைத்த ஒரே பேனர் அதுவாகத்தான் இருக்கும்.

டீக்கடை சின்னதுரை அதை இரண்டு தரம் படித்துவிட்டுச் சிரித்தான். "இன்னா பெரியம்மா, தெரியாதுன்னு போட்டு எவனாவது பேனர் வெப்பானா?"

களைக்கொட்டோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குப்பம்மாள் நின்றாள்.

"வெப்பான்டா. அத்தச் சொல்லித்தான் எம் பொண்ணு அந்தப் பட்டத்த வாங்குனா."